சில்காட் அறிக்கை: 26 லட்சம் சொற்களுக்குள் எந்த வழியாக நுழைவது?

2003ல் பிரிட்டன் இராக் போருக்குள் போனது எப்படி என்று விசாரித்த சர் ஜான் சில்காட் குழுவின் அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வெளியானது. பன்னிரண்டு தொகுதிகள், கூடவே தனியாக ஒரு சுருக்கத் தொகுதி. மொத்தம் சுமார் 26 லட்சம் சொற்கள். வெளியானபோது அச்சுப் பிரதியில் முழு செட் 767 பவுண்டு. பி.டி.எஃப். என்றால் செலவே இல்லை. பிரிட்டன் அரசின் இணையதளத்திலும், அந்நாட்டு தேசிய ஆவணக் காப்பகம் சேமித்து வைத்திருக்கும் விசாரணைக் குழுவின் பழைய தளத்திலும் இறக்கிக்கொள்ளலாம்.

"ஆபத்து நெருங்கிவிட்டது, ஆதாரம் எங்களிடம் இருக்கிறது, விவரத்தை வெளியில் சொல்ல முடியாது, எங்களை நம்புங்கள்" என்று ஒரு தலைவர் போருக்கு ஆதரவு கேட்கும்போது அந்தப் பேச்சை எப்படி எடைபோடுவது? இதைக் கற்றுக்கொள்ள இவ்வளவு முழுமையான மூலப்பொருள் வேறெங்கும் கிடைப்பது அரிது. 150க்கும் மேற்பட்ட சாட்சிகளைக் குழு விசாரித்தது, 1,50,000க்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களைப் பார்த்தது. ஒரு போரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற அரசின் உள் கடிதங்கள், குறிப்புகள், கூட்டப் பதிவுகள் இத்தனை நெருக்கமாக வெளியே வருவது அபூர்வம். அந்த வகையில் இதற்கு முழு மதிப்பெண். படிக்க வசதியாக அமைந்திருக்கிறதா என்று கேட்டால் பாதி மதிப்பெண்தான்.

முதலில், அச்சுப் பிரதி வேண்டாம். பலியான வீரர்களின் குடும்பத்தினர்கூட இந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற செய்தி 2016ல் பெரும் கோபத்தைக் கிளப்பியது. அதன் பிறகே அவர்களுக்கு இலவசப் பிரதி உண்டு என்று பிரதமர் அலுவலகம் சொன்னது. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த அறிக்கையைப் பயன்படுத்துவதே தேடித் தேடித்தான். ஒரே தேதியில் நடந்த ஒரு கூட்டம் மூன்று வெவ்வேறு தொகுதிகளில் மூன்று கோணங்களில் வரும். காகிதத்தில் அதைக் கோர்த்துப் பார்ப்பது பெரும்பாடு. பி.டி.எஃப்.பில் தேதியை அடித்துத் தேடினால் நொடியில் கிடைத்துவிடும்.

முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். அது 1990களின் இராக் கொள்கையிலிருந்து ஆரம்பிக்கிறது. பொறுமையாகப் போகும் வரலாறு என்றாலும் போருக்கான வாதம் எப்படிக் கட்டப்பட்டது என்று தேடி வருபவருக்கு அது வெகுதூரம். நேராகச் சுருக்கத் தொகுதிக்குப் போங்கள். ஏறக்குறைய 150 பக்கம், இரண்டு மூன்று நாள் மாலையில் முடித்துவிடலாம். அதற்கடுத்து நான்காம் தொகுதி. பேரழிவு ஆயுதங்கள் பற்றிய பகுதி 4 முழுவதும் அதில்தான் இருக்கிறது. 4.2 என்பது 2002 ஜூலை முதல் செப்டம்பர் வரை, 4.3 என்பது அக்டோபர் முதல் 2003 மார்ச் வரை. இந்த இரண்டும்தான் அறிக்கையின் இதயம். பிறகு ஐந்தாம் தொகுதியில் சட்ட ஆலோசனை பற்றிய பகுதி 5. மற்றவை எல்லாம் அவரவர் ஆர்வத்தைப் பொறுத்தது.

தேடலில் பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. வெளிநாட்டு உளவு அமைப்பை நாம் எம்.ஐ.6 என்றே பழகியிருக்கிறோம். அறிக்கை அதை எஸ்.ஐ.எஸ். என்றுதான் குறிப்பிடும். எனவே பழகிய பெயரில் தேடினால் பெரிதாக ஒன்றும் சிக்காது. 'பாவெல்' என்று தேடினால் இரண்டு பேர் கலந்து வருவார்கள். அன்றைய பிரதமர் டோனி பிளேரின் தலைமை அலுவலர் ஜோனதன் பாவெலுக்கு முன்னால் 'மிஸ்டர்' இருக்கும், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெலுக்கு முன்னால் 'செக்ரட்டரி' இருக்கும். அந்த முன்னொட்டையும் சேர்த்துத் தேடுங்கள். உளவு அமைப்புகளின் தகவல்களைத் தொகுத்து அரசுக்கு மதிப்பீடு எழுதித் தருவது கூட்டு உளவுக் குழு. அது ஜே.ஐ.சி. என்ற சுருக்கத்தில் வரும். ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு. குறிப்பெடுக்கும்போது பக்க எண்ணை விட்டுவிட்டுப் பகுதி எண்ணையும் பத்தி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள், எந்தப் பிரதியில் பார்த்தாலும் அது மாறாது. பல பகுதிகளின் தொடக்கத்தில் முக்கிய முடிவுகள் தொகுத்துத் தரப்பட்டிருக்கும். நேரமில்லாதவர்கள் அவற்றை மட்டும் வரிசையாகப் படித்தாலும் ஒரு முழுச் சித்திரம் கிடைக்கும்.

இனி முக்கியமான வேலை. 2002 செப்டம்பர் 24 அன்று பிளேர் அரசு வெளியிட்ட 50 பக்க ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 4.2ஐப் படியுங்கள். இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றி அரசின் மதிப்பீடு என்று மக்கள் முன் வைக்கப்பட்டது இந்த ஆவணம்தான். படிக்கும்போது மூன்று தேதிகளில் மூன்று சொல்லாட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2002 மார்ச் 15 அன்று ஜே.ஐ.சி. தனக்குக் கிடைக்கும் உளவுத் தகவல் அவ்வப்போது வருவது, துண்டு துண்டானது என்று எழுதியது. ஆகஸ்ட் 21 அன்று, 1998 இறுதிக்குப் பிறகு இராக்கின் ரசாயன, உயிரியல் ஆயுத வேலைகள் பற்றித் தமக்குத் தெரிந்தது குறைவே என்று எழுதியது. செப்டம்பர் 24 அன்று நாடாளுமன்றத்தில் பிளேர் அதே உளவுச் சித்திரத்தை விரிவானது, நுணுக்கமானது, அதிகாரபூர்வமானது என்று சொன்னார். ஆவணத்தின் முன்னுரையிலோ சதாம் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தொடர்ந்து தயாரித்துவந்தது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டதாகத் தாம் நம்புவதாக எழுதினார். ஆறு மாதத்தில் கையில் இருந்த தகவல் அந்த அளவுக்கு வளரவில்லை. அதைச் சொன்ன தொனி வளர்ந்தது. உளவுத் தகவல் அப்படி ஐயமின்றி எதையும் நிறுவவில்லை என்பதை ஜே.ஐ.சி. பிரதமருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது சில்காட் குழுவின் முடிவு. அச்சுறுத்தல் பற்றிய கணிப்புகள், நியாயப்படுத்த முடியாத உறுதியோடு மக்கள் முன் வைக்கப்பட்டன என்பதும் அதன் முடிவு.

45 நிமிடக் கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் செலவிடலாம், தகும். செப்டம்பர் 9 மதிப்பீட்டில் இருந்தது இதுதான்: ரசாயன, உயிரியல் வெடிபொருட்கள் ராணுவப் பிரிவுகளிடம் இருந்து, 20 முதல் 45 நிமிடத்துக்குள் சுடத் தயாராகலாம். தகவல் சொன்னவர் நேரில் பார்த்தவர் இல்லை, இன்னொருவர் சொன்னதைக் கேட்டுச் சொன்னவர். பேசப்பட்டதும் போர்க்களத்தில் சுடும் சிறு ரகக் குண்டுகள் பற்றி, பல நூறு கிலோமீட்டர் பாயும் ஏவுகணைகள் பற்றி அல்ல. வெளியான ஆவணத்தில் '20 முதல்' போய்விட்டது, '45 நிமிடம்' நின்றது. முன்னுரை, சுருக்கம், உள்பகுதி என்று நான்கு இடங்களில் அது வந்தது. எந்த வகைக் குண்டு என்ற விளக்கம் எங்குமே இல்லை. விளைவாக, பிரிட்டிஷ்காரர்கள் அழிவிலிருந்து 45 நிமிடத் தொலைவில் இருக்கிறார்கள் என்ற பொருளில் 'தி சன்' நாளிதழ் தலைப்புப் போட்டது. சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் தளங்கள்வரை ஏவுகணை வரும் என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புரிதலைத் திருத்த அரசு முன்வரவில்லை. 2004 அக்டோபரில், வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்தத் தகவலை உளவு அமைப்பு திரும்பப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு கழிந்திருந்தது.

இதில் ஒரு சொல் எப்படி நகர்ந்தது என்பதை நெருக்கமாகப் பார்க்க, ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் சாவு பற்றி 2003ல் நடந்த ஹட்டன் விசாரணை வெளியிட்ட மின்னஞ்சல்களும் வரைவுகளும் வேண்டும். அவையும் வலைக் காப்பகத்தில் இலவசம். ஒரு வரைவின் உள்பகுதியில் ஆயுதங்களைப் பயன்படுத்தக்கூடும் என்ற தயக்கமான வினைச்சொல் இருந்தது. சுருக்கத்தில் உள்ளதைவிட இது வலுவிழந்து நிற்கிறது என்று பிளேரின் தகவல் தொடர்புத் தலைவர் அலஸ்டேர் காம்ப்பெல் செப்டம்பர் 17 அன்று ஜே.ஐ.சி. தலைவர் ஜான் ஸ்கார்லெட்டுக்கு எழுதினார். மறுநாளே பதில்: நீங்கள் கேட்ட இடத்தின் மொழி இறுக்கப்பட்டுவிட்டது. அதே செப்டம்பர் 17 அன்று ஜோனதன் பாவெல் ஒரு மின்னஞ்சலில், இந்த ஆவணம் உடனடி அச்சுறுத்தல் இருக்கட்டும், எந்த அச்சுறுத்தலையுமே நிரூபிக்கவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குள் தெரிந்த இந்தப் பலவீனம் மக்கள் கைக்குப் போன பிரதியில் இல்லை. யாரும் கற்பனையாக ஒரு பொய்யை உட்கார்ந்து எழுதவில்லை. சுருக்கம் ஒரு மாதிரி, உள்பகுதி ஒரு மாதிரி இருந்தால் உள்பகுதியைக் கீழே இறக்குவதா, மேலே ஏற்றுவதா என்று வந்தபோது மேலே ஏற்றினார்கள். அடுத்த முறை ஓர் அரசு ஆவணம் வரும்போது சுருக்கத்தையும் உள்பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

நான்காம் தொகுதியில் இன்னோர் இடத்தைத் தவறவிடக் கூடாது: கண்ணாடி உருண்டைகள். 2002 செப்டம்பரில் புதிய ஆள் ஒருவர் வழியாக எஸ்.ஐ.எஸ்.ஸுக்கு இரண்டு அறிக்கைகள் வந்தன. முதலாவது 11ஆம் தேதி, அரசின் ஆவணம் இறுதியாகிக்கொண்டிருந்த நேரத்தில். அமைப்பின் தலைவர் சர் ரிச்சர்ட் டியர்லவ் நேராகப் பிரதமரிடமே கொண்டுபோய்ச் சொன்னார். ரகசியம் காக்க வேண்டும் என்ற காரணத்தால், ரசாயன ஆயுதங்களை ஆண்டுக்கணக்கில் படித்த பாதுகாப்பு உளவுப் பிரிவு நிபுணர்களுக்கு அது காட்டப்படவில்லை. உங்கள் சந்தேகங்களைத் தீர்க்கும் தகவல் ஒன்று இருக்கிறது, ஆனால் பார்க்க முடியாது என்ற பதில்தான் அவர்களுக்குக் கிடைத்தது. 23ஆம் தேதி வந்த இரண்டாவது அறிக்கையில் நரம்பு விஷம் ஒன்றோடொன்று இணைந்த வெற்றுக் கண்ணாடி உருண்டைகளில் அடைக்கப்படுவதாக இருந்தது. அக்டோபர் தொடக்கத்திலேயே கேள்வி எழுந்தது: ரசாயன வெடிபொருட்களில் கண்ணாடிக் கலன்கள் வழக்கமில்லை, அதோடு பிரபலமான ஒரு ஹாலிவுட் படத்தில் நரம்பு விஷத்தை இப்படித்தான் தவறாகக் காட்டியிருக்கிறார்கள். 2003 பிப்ரவரியில், அதாவது படையெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, அந்த ஆள் பொய் சொல்லிவந்தார் என்ற முடிவுக்கு எஸ்.ஐ.எஸ். வந்துவிட்டது. அறிக்கைகள் முறைப்படி திரும்பப் பெறப்பட்டதோ ஜூலையில். சில்காட் குழு இதை எந்த ஆவேசமும் இல்லாமல் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறது. அந்த நிதானமே படிப்பவரை உலுக்குகிறது. நிபுணரிடம் காட்டாத தகவலை நம்பி முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டியதில்லை.

2003 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களுக்குத் தரப்பட்ட இரண்டாவது ஆவணம் வேறு ரகம். அதன் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டது, எழுத்துப் பிழைகள் உட்பட. எடுத்தவர்கள் சில சொற்களை மட்டும் மாற்றினார்கள். மூலத்தில் 'எதிர்ப்புக் குழுக்கள்' என்றிருந்தது 'பயங்கரவாத அமைப்புகள்' ஆனது. கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஒருவர் மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டு இதை வெளிக்கொண்டுவந்தார். காலின் பாவெல் பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் பாராட்டிய ஆவணம் இதுதான்.

சட்ட ஆலோசனைப் பகுதியில் நீளத்தைக் கவனியுங்கள். தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் பிரபு மார்ச் 7 அன்று பிரதமருக்கு எழுதிய ஆலோசனை 13 பக்கம். இன்னொரு ஐ.நா. தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி, அது இல்லாமலும் ஒரு நியாயமான வாதம் வைக்கலாம், ஆனால் நீதிமன்றம் ஏற்கும் என்று சொல்ல முடியாது என்ற வகையில் அது எச்சரிக்கைகள் நிறைந்தது. பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்த பதில் 337 சொற்கள். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. அமைச்சரவைக்கே அந்த 13 பக்கம் கொடுக்கப்படவில்லை. மறுநாள், மார்ச் 18 அன்று, 412க்கு 149 என்ற வாக்கில் நாடாளுமன்றம் போருக்குச் சம்மதித்தது. சட்ட அடிப்படை முடிவான விதம் திருப்திகரமாக இல்லவே இல்லை என்கிறது குழு.

குறைகளுக்கு வருவோம். போர் சட்டப்படி சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை, சொல்லவும் இல்லை. தண்டனையை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் ஏமாறுவார்கள். பிளேர் 2002 ஜூலை 28 அன்று அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய, என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று தொடங்கும் குறிப்பு வெளியாகியிருக்கிறது. புஷ் எழுதிய பதில்கள் வெளிவரவில்லை. உரையாடலில் ஒரு பக்கம் மட்டும் கேட்பதால் வாஷிங்டன் எப்போது முடிவெடுத்தது என்பது மறைமுகமாகவே தெரிகிறது. அடிக்குறிப்புகள் ஆவணத்தின் வகையையும் தேதியையும் சொல்லும், ஆனால் பெரும்பாலான ஆவணங்கள் முழுசாகக் கிடைக்காது. வெளியிட்டவற்றிலும் கறுப்புக் கட்டங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இராக் பொதுமக்களின் சாவு பற்றிய பகுதி 17 மிகவும் மெலிந்தது. அரசு அந்தச் சாவுகளைக் கணக்கிட முயலாததை அது விமர்சிக்கிறது, தானும் ஒரு கணக்கைத் தரவில்லை. பலியான 179 பிரிட்டிஷ் படையினருக்கும் பணியாளர்களுக்கும் இடமிருக்கும் ஓர் அறிக்கையில் இது வலிக்கும் குறை.

நேரம் இன்னும் குறைவு என்றால் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய உளவுத் தகவலை ஆராய்ந்து 2004 ஜூலையில் வந்த பட்லர் குழு அறிக்கையை எடுங்கள். சுமார் 200 பக்கம்தான். அதன் பிற்சேர்க்கை பி, ஜே.ஐ.சி. எழுதியதையும் செப்டம்பர் ஆவணம் சொன்னதையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது. மேலே சொன்ன ஒப்பீட்டு வேலையில் பாதியை அவர்களே செய்துகொடுத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பக்கத்துக்கு செனட் உளவுக் குழுவின் 2004 அறிக்கை. 2002 அக்டோபரில் ரகசிய மதிப்பீட்டைப் பொதுப் பிரதியாக மாற்றியபோது 'நாங்கள் கணிக்கிறோம்' போன்ற தொடர்கள் உதிர்ந்து, கணிப்பு நேரடி உண்மையாக நின்றதை அது வரி வரியாகக் காட்டுகிறது.

2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீதான தாக்குதலுக்கு அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் ஆதரவு கேட்டபோது 285க்கு 272 என்று தோற்றார். இராக் விவகாரம் மக்களின் நம்பிக்கையில் நஞ்சைக் கலந்துவிட்டது என்று அவரே அந்த விவாதத்தில் ஒப்புக்கொண்டார். 2022 தொடக்கத்தில் நடந்ததோ நேர்மாறு. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழையப் போகிறது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சொன்னபோது, இராக்கை நினைவில் வைத்துப் பலரும் நம்ப மறுத்தார்கள். பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை நுழைந்தது. ஆகவே அரசு சொல்வது எல்லாமே பொய் என்று ஒரே முடிவாக இருந்துவிடுவதும் உதவாது. இரண்டையும் பிரித்தறிய இந்த அறிக்கையின் 4.3 நல்ல கருவி. 2022ல் எல்லையில் குவிந்த படைகளைத் தனியார் செயற்கைக்கோள் படங்களில் யாரும் சரிபார்க்க முடிந்தது. இராக்கிலும் சரிபார்க்க வழி இருந்தது. 2002 நவம்பர் 27 முதல் ஹான்ஸ் பிளிக்ஸின் ஐ.நா. ஆய்வாளர்கள் களத்தில் இருந்தார்கள், உளவு அமைப்புகள் சுட்டிய இடங்களுக்கும் போனார்கள். சொல்லப்பட்ட ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்ற அந்தத் தகவலைக் கொண்டு பழைய மதிப்பீட்டை மறுபடி எடைபோடாமல், சதாம் நன்றாக ஒளித்துவைத்திருக்கிறார் என்றே லண்டன் எடுத்துக்கொண்டது. 4.3ஐப் படிக்கும்போது 2003 ஜனவரி, பிப்ரவரிப் பத்திகளுக்கு மட்டும் தனி நிறத்தில் கோடிடுங்கள். களத்திலிருந்து வந்த ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அதைப் பார்த்து லண்டன் எதையாவது மாற்றிக்கொண்டதா என்று ஒரு வரி எழுதிவையுங்கள்.